கேஸ் நிரப்ப மறுத்தவர்

கார்களுக்கு ஏர்கோன் பழுதுபார்க்கும் அவரிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதல் விசாரணை நமக்குத்தான். காருக்கு அப்புறம்தான்.

"எப்பருந்து கூலிங் இல்ல?"

"ஒரு வாரமாண்ணே."

"ஒரு வாரமா இல்லையா, இல்ல ஒரு வாரமாதான் ஒனக்குத் தெரிஞ்சுச்சா?"

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அடுத்தடுத்த கேள்விகள் வந்துவிட்டன. கடைசியாகக் கேஸ் நிரப்பியது யார், எந்தக் கடை, எத்தனை மாதம் ஆனது, முன்பக்கம் எங்காவது இடித்தாயா, எலி ஏறியதா, காரைக் கழுவும்போது முன்னால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினார்களா. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் போனது காரைக் குளிரவைக்கும் ஏர்கோனுக்குக் கேஸ் நிரப்பிக்கொண்டு வர. மற்ற கடைகளில் அது அரை மணி நேர வேலை.

"அண்ணே, கேஸ் தீந்து போச்சு. அடிச்சிக் குடுங்க லா, நான் போறேன்."

"கேஸ் என்னா பெட்ரோலா, ஓட ஓடத் தீந்து போவ? அது உள்ளுக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்குற சாமான்மா. கொறையுதுன்னா எங்கயோ ஓட்ட இருக்கு. ஓட்டைய கண்ணால பாக்காம நான் கேஸ் அடிக்க மாட்டேன்."

அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த 'மாட்டேன்'தான். கோபமாகச் சொல்ல மாட்டார். சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் சொல்வார். அதனாலேயே பதிலுக்குச் சண்டை போட முடியாது.

என் நிலைமை இதுதான். புஞ்சாக் ஆலாமில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் கேக் செய்து விற்கிறேன். பெரும்பாலும் முட்டை சேர்க்காத கேக், மேலே பட்டர்கிரீம். பிள்ளைகளின் முதல் பிறந்தநாள், காதணி விழா, கல்யாண விருந்து என்று சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள்தாம் என் வாடிக்கையாளர்கள். கேக் செய்வது பாதி வேலை. அதை உருகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதிப் பாதி. நம் ஊர் வெயிலில் பட்டர்கிரீம் அரை மணி நேரம் தாங்காது. அதற்கு முந்தின சனிக்கிழமை புக்கிட் செந்தோசாவுக்கு மூன்றடுக்குக் கேக் ஒன்றைக் கொண்டுபோனேன். போய்க் கதவைத் திறந்தால் மேலடுக்கு வழுக்கிக் கீழே இறங்கியிருந்தது. அதன் உச்சியில் நான் ராப்பகலாக உட்கார்ந்து செய்து வைத்த சீனி யானை கிரீமுக்குள் குப்புறக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் எத்தனை கைப்பேசிகளுக்குப் போனதோ தெரியாது, அடுத்த மாதத்துக்குச் சொல்லிவைத்திருந்த இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். இன்னும் ஒரு கேக் இப்படிப் போய்ச் சேர்ந்தால் என் பிழைப்பு முடிந்தது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இதை எல்லாம் அவரிடம் சொன்னேன். யானையைப் பற்றிக்கூடச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கண்டிப்பா ஓட்டைய பாக்கணும்," என்று சாவிக்குக் கையை நீட்டினார்.

கோலசிலாங்கூர் போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது அவருடைய தகரக் கொட்டகை. இப்போது அது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது எடுத்துவிட்டார்கள், அவரும் மகள் வீட்டோடு ஜொகூர் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். பல் டாக்டர்கள் வைத்திருப்பதுபோல் கம்பி முனையில் ஒரு சின்னக் கண்ணாடி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஷாம்பு போத்தலில் சோப்புத் தண்ணீர், பிள்ளைகள் படம் வரைகிற தூரிகை ஒன்று. காரின் குழாய்களுக்குள் நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றிவிட்டு, ஒவ்வோர் இணைப்பாகச் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வருவார். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் நுரைக்கும். அதற்கு முன்னால் காதை வைத்துக் கேட்பார். அந்த நேரத்தில் கொட்டகையில் யாரும் பேசக்கூடாது. பக்கத்து டயர் கடைக்காரரைக் காற்றடிக்கும் எந்திரத்தை நிறுத்தச் சொல்வார். அவரும் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே நிறுத்துவார்.

ஒருமுறை ஒரு லோரி முதலாளி இவரிடம் கத்தியதை நானே பார்த்தேன். "என் காடி, என் காசு. நான் கேஸ் அடின்னா அடி. ஒனக்கு என்னா?" என்று மேசையைத் தட்டினார். இவர் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "போன தடவ அடிச்சது எத்தன நாளு நின்னுச்சு?" என்று கேட்டார். முதலாளி நாற்காலியை ஓர் உதை உதைத்துவிட்டுப் போய்விட்டார். இப்படிப் போன வாடிக்கையாளர்கள் எத்தனை பேரோ. அவரை விடத் தொழில் தெரியாதவர்கள் எல்லாம் இரண்டு கடை வைத்துவிட்டார்கள்.

என் காரைக் கொடுத்த மூன்றாம் நாள் அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"யாரு எலுமிச்சங்கா கட்டுனது?"

என் மாமியார் அமாவாசைக்கு அமாவாசை காரின் முன்பக்கக் கம்பி வலையில் எலுமிச்சங்காயும் பச்சை மிளகாயும் கட்டுவார். கண்ணேறு படாமல் இருக்க. நூலில் கட்டினால் மழையில் நைந்து அறுந்துவிடுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். வேலி கட்டியதில் மிச்சமிருந்த கம்பியை வெட்டிக் கொடுத்தது நான்தான். அது வலைக்குள் நுழைந்து பின்னால் இருந்த அலுமினியக் குழாயைச் சுற்றிக்கொண்டது இரண்டு பேருக்கும் தெரியாது. கார் குலுங்கும்போதெல்லாம் கம்பி குழாயை அறுத்திருக்கிறது. நேரில் போனபோது சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுக் காட்டினார். ஊசிமுனை அளவு இடத்தில் நுரை வந்துகொண்டிருந்தது.

"யாரு கட்டுனதுன்னு கேட்டேன்."

"மாமியாருதாண்ணே. ஆனா கம்பியால கட்டச் சொன்னது நான். அவங்கள ஒன்னும் கேட்டுறாதீங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டார். "இத்தன வருசமா கேக்குறேன். எல்லாரும் 'தெரியாதுண்ணே, நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுண்ணே'ன்னுதான் சொல்லுவாங்க. தப்பு என்னோடதுன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா."

குழாயை மாற்றி, அதற்கு அப்புறமும் ஒரு நாள் முழுக்க அழுத்தமானியின் முள் அசைகிறதா என்று காவல் காத்து, அதன் பிறகே கேஸ் நிரப்பினார். காரைக் கொண்டுவந்து விட்டபோது கேட்டுறாதீங்க என்று நான் சொன்னதையும் மீறி அந்தக் கம்பியை என் மாமியாரிடமே நீட்டினார். மாமியார் அசரவில்லை. "பாத்தீங்களா? காடிக்கு வர வேண்டிய கண்ணு அந்தக் குழாயோட போச்சு," என்றார். இவர் அதையும் ஒரு கணம் யோசித்துவிட்டு, "இருக்கலாம்மா. அடுத்த கண்ணு நூலோட போவட்டும்," என்றார். அந்தக் கார் அதற்கு அப்புறம் இரண்டு வருடம் ஐஸ்பெட்டி மாதிரி ஓடியது. என் கேக்குகள் போன இடத்தில் எல்லாம் நிமிர்ந்து நின்றன.

ஐஸ்பெட்டி என்றதும் அவர் வீட்டு ஐஸ்பெட்டி ஞாபகம் வருகிறது. ஒரு தீபாவளிக்கு முன்னால் அவர் மனைவி இரண்டு கிலோ ஆட்டிறைச்சியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஒங்க ஐஸ்பெட்டியில வெச்சிக்கம்மா. ஊரு ஏர்கோனையெல்லாம் இவரு பாக்குறாரு, எங்க வீட்டு ஐஸ்பெட்டி ரெண்டு மாசமாத் தொறந்து கெடக்கு. வேற ஆள கூப்ட்டுக் கேஸ் அடிக்கலாம்னா விடவும் மாட்டேங்குறாரு, இவரும் செய்ய மாட்டேங்குறாரு. ஒக்காந்து சோப்புத் தண்ணி தடவிக்கிட்டே இருக்காரு, அலாமாக்!" கடைசியில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். உறைந்த பனிக்கட்டியை அந்த அம்மா கத்தியால் சுரண்டியபோது விழுந்த கீறல். நீதானா என்று கேட்டதற்கு, தொடவே இல்லை என்று அந்த அம்மா சாதித்திருக்கிறார். ஒரு வாரத்துக்குக் கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேரிடமும், "எம் பொண்டாட்டி கத்தியால கீறிட்டு இல்லன்னு சொல்றா," என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அந்த அம்மா கொட்டகைப் பக்கமே வரவில்லை. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகுதான் அந்த எந்திரம் வந்தது. இடுப்புயரம், அடியில் சக்கரங்கள். காரில் மிச்சமிருக்கும் கேஸை உறிஞ்சி, சுத்தப்படுத்தி, எடைபோட்டு, திரும்ப ஏற்றும். பல வருட ஆசை அவருக்கு. வேலை முடிந்ததும் துணியால் துடைத்துப் பழைய படுக்கை விரிப்பால் போர்த்திவைப்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளி வேன்கள் வைத்திருக்கும் ஒருவர் தன் எட்டு வேன்களையும் இவரிடமே தருவதாகச் சொன்னார். "இனிமே ஸ்கூல் லீவுல எனக்கு ஒக்கார நேரம் இருக்காதும்மா," என்று அவர் சிரித்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

அந்த எந்திரத்துக்கு ஒரே ஓர் எமன் உண்டு. ஓட்டையைத் தானாக அடைக்கும் என்று சொல்லி, கொஞ்சம் கேஸும் கலந்து, டின்னில் ஒரு மருந்து விற்கிறார்கள். காரில் அதை ஊற்றியிருந்தால், கேஸோடு சேர்ந்து எந்திரத்துக்குள் போய்ப் பசையாக இறுகிவிடும். அதனால் எந்தக் கார் வந்தாலும் முதலில் விரல் நீளச் சோதனைக் குழாய் ஒன்றை மாட்டிப் பத்து நிமிடம் பார்ப்பார். அது அடைத்துக்கொள்ளாவிட்டால்தான் எந்திரத்தை இழுத்து வருவார். சோதனைக்கு முன்னால் வாயாலும் இரண்டு தடவை கேட்பார்.

இரண்டாவது தடவை என் காரில் கூலிங் குறைந்தது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை உலு யாமில் ஒரு கல்யாணம், ஐந்தடுக்குக் கேக். அதுவரை நான் செய்ததிலேயே பெரியது. கொண்டுபோய் நிறுத்தினேன். கேள்விகள் எல்லாம் முடிந்து, முகத்தை டேஷ்போர்டுக்கு அடியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு எழுந்தார்.

"உள்ள இருக்குற கூலிங் காயில்ல ஓட்டன்னு நெனக்கிறேன். டேஷ்போர்டு மொத்தமும் கழட்டணும். செவ்வாக்கெழம ஆவும்."

"சனிக்கெழம கல்யாணம்ணே!"

"தெரியுது. சொன்ன."

"ஒரே ஒரு நாளைக்கு ஓடுற மாதிரி கேஸ் மட்டும் அடிச்சிக் குடுங்க. ஞாயித்துக்கெழம காலையில கொண்டாந்து நானே விட்டுர்றேன். கால்ல விழவா?"

"இன்னைக்கு அடிச்சா நாளைக்கு வெளிய போவும். தெரிஞ்சே எப்படிம்மா அடிக்கிறது?"

"போனாப் போவட்டும்ணே!"

"மாட்டேன்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. இந்த மனிதருக்கு அவருடைய ஓட்டைதான் பெரிது, என் பிழைப்பு பெரிதில்லை என்று போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டு போனேன். நேராக ஒரு கார்ச் சாமான் கடைக்குப் போய் அந்த டின்னை வாங்கினேன். எப்படி ஊற்றுவது என்று கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, வீட்டு வாசலில் வைத்து நானே முழு டின்னையும் ஊற்றினேன். சனிக்கிழமை கார் குளுகுளு என்று இருந்தது. ஐந்தடுக்கும் அசையாமல் உலு யாம் போய்ச் சேர்ந்தன. பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்த்தீர்களா அண்ணே, பார்த்தீர்களா என்று திரும்பி வரும்போது காருக்குள் தனியாக அவரோடு சண்டை போட்டு ஜெயித்தேன்.

இரண்டு வாரம்தான். மறுபடியும் சூடான காற்று. வேறு வழியில்லாமல் அவரிடமே போனேன். கொட்டகையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நடுவுல யாராச்சும் கை வெச்சாங்களா?"

"இல்லண்ணே."

"டின்னு மருந்து ஏதும் ஊத்துனியா?"

அந்த நான்கு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று சொன்னால் ஒரு வாரம் இந்தச் சாலை முழுக்க என் கதைதான் ஓடும். அவருடைய மனைவிக்கு நடந்தது எனக்கும் நடக்கும். அதோடு, உங்களால்தானே ஊற்றினேன் என்ற கோபமும் எனக்குள் ஆறவில்லை.

"இல்லண்ணே. நான் ஏன் அதையெல்லாம் ஊத்தப் போறேன்?" என்றேன். சலிப்போடு சொன்னதால் அது இன்னும் உண்மை போலவே இருந்தது.

இழுப்பறையிலிருந்து சோதனைக் குழாயை எடுத்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளேயே போட்டு மூடினார். "ஒனக்கு எதுக்கு," என்று சொல்லிவிட்டு எந்திரத்தின் போர்வையை எடுத்தார். அவர் அதை என் காருக்கு உருட்டி வருவதற்குப் பத்து அடி தூரம் இருந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

நான்கு நாள் கழித்துக் காரை எடுக்கப் போனேன். காயிலை மாற்றி, கையாலேயே கேஸை அளந்து ஏற்றி, எல்லாம் முடித்து வைத்திருந்தார். எந்திரம் மட்டும் பிரித்துப்போட்ட கோழியாகத் தரையில் கிடந்தது. செய்தித்தாள் விரித்து அதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"யாரோ டின்னு மருந்து ஊத்திட்டு இல்லன்னு சொல்லியிருக்காங்கம்மா. எந்திரத்துக்குள்ள எல்லா வழியையும் அடச்சிப்புடுச்சு. வர்ற திங்கக்கெழம ஸ்கூல் லீவு, வேனெல்லாம் வருது."

அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் அந்த வாரம் எந்திரத்தை மாட்டிய கார்களை எழுதியிருந்தார். டாக்டர் அம்மா கார், வெள்ளை வேன், மீன்காரர், இன்னும் இரண்டு. சோதனைக் குழாய் ஏமாற்றிவிட்டதோ என்ற சந்தேகத்தில் ஒவ்வொருவரையும் அழைத்துக் குடைந்திருக்கிறார். மீன்காரர், என்னைத் திருடன் என்கிறாயா, இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று கத்தியிருக்கிறார். நான் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன்.

"என் காடி இதுல இல்லையேண்ணே."

"ஒன்னத்தான் கேட்டுட்டேனே," என்றார், நிமிராமல்.

அந்த நேரத்திலும் எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. அழுத்தமானியை நம்பாத மனிதர். கட்டின பெண்டாட்டியை நம்பாத மனிதர். என்னை மட்டும் எதற்கு நம்பித் தொலைத்தார்? மற்றவர்களுக்கு மாட்டிய குழாயை எனக்கும் மாட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

"நான் ஊத்துனேண்ணே. அந்தக் கல்யாணத்துக்கு."

தூரிகையைக் கீழே வைத்தார். "எந்த டின்னு?"

"செவப்பு மூடி."

"எவ்வளவு ஊத்துன?"

"முழுசும்."

தலையை ஆட்டிக்கொண்டார். எங்கே போயிற்று என்று இத்தனை நாள் தேடிய ஒன்று கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் அந்த முகத்தில் இருந்தது. செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன், காதில் வாங்கவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னாலேயே மீன்காரரை அழைத்தார். "தப்பு என்னோடது. நான்தான் சரியா பாக்கல. மன்னிச்சிக்குங்க," என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "யாரா இருந்தா என்னா? அத விடுங்க," என்று வைத்துவிட்டார். திங்கட்கிழமை வேன்கள் வேறு கடைக்குப் போயின. எந்திரம் அடுத்த மாதம்தான் சரியானது. அவர் மனைவி உட்பட யாரிடமும் என் பெயரை அவர் சொல்லவில்லை என்பதை, அந்தச் சாலையில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்காததில் தெரிந்துகொண்டேன். சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

எட்டு மாதம் அந்தப் பக்கம் போகாமல் தட்டிக்கழித்தேன். பிறகு கூலிங் கொஞ்சம் குறைவதுபோல் தோன்றியபோது, போய்த்தான் ஆகவேண்டும் என்று போனேன். காரை நிறுத்தி இறங்கி, கேள்விகளுக்காக நின்றேன். ஒன்றும் வரவில்லை. "வாம்மா" என்றார், சாவிக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்காமல் நின்றேன். அவரும் கையை நீட்டியபடியே நின்றார்.

"ஆறு நாளா கூலிங் கம்மிண்ணே," என்று நானே ஆரம்பித்தேன். "எனக்குத் தெரிஞ்சுதான் ஆறு நாளு, அதுக்கு முன்னாடியே கொறஞ்சிருக்கலாம். முன்னால எங்கயும் இடிக்கல. எலி ஏறல. யாரும் கை வெக்கல. எதுவும் ஊத்தல. சத்தியமா ஊத்தலண்ணே."

"சரிம்மா," என்றார். குரலில் கோபம் இல்லை, எப்போதும்போல்தான் இருந்தது. உள்ளே போய் இழுப்பறையைத் திறந்து அந்தச் சின்னக் குழாயை எடுத்து வந்து என் காரில் மாட்டினார். பத்து நிமிடம் நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.